பேப்பர் வாசித்த தகப்பன்



மே மாத இதழோடு வருகிறோம். வற்றாப்பளைப் பொங்கலுக்கு நேர்த்திக்காரர் ஆயத்தமாகும் காலம் இது. முள்ளிவாய்க்காலை நினைத்து ஊருக்கு ஊர் கஞ்சி காய்ச்சும் காலமும் இதுதான். இரண்டையும் ஒரே பருவத்துக்குள் வைத்து வாழப் பழகிவிட்ட எங்களுக்கு, மே 3ஆம் திகதி உலக ஊடக சுதந்திர தினம் என்பது பெரும்பாலும் மறந்துபோகும். ஐ.நா. பொதுச்சபை 1993இல் அறிவித்த நாள் அது. கொழும்பில் கூட்டம் நடக்கும், உரைகள் இருக்கும். முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ வேலை செய்யும் பிராந்தியச் செய்தியாளருக்கு அன்றைக்கும் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடிக்கிற பாடுதான்.

இந்த முறை உங்களோடு ஒரு படத்தைப் பற்றிக் கதைக்க ஆசை. பழைய படம். வளர்ந்த பிள்ளைகளையும் கூட இருத்திக்கொண்டு ஒரு இரவு பாருங்கள். ஒன்றரை மணித்தியாலம்தான்.

‘குட் நைட், அண்ட் குட் லக்’ என்று பெயர். 2005இல் வந்தது. நடிகர் ஜோர்ஜ் குளூனி இயக்கியது. அவருடைய தகப்பனும் தொலைக்காட்சிச் செய்தியாளராக இருந்தவர். கறுப்பு வெள்ளையில் ஓடும் இந்தப் படம் ஏறக்குறைய முழுவதும் ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் அறைகளுக்குள்ளேயே நடக்கிறது. சண்டையும் இல்லை, துரத்தலும் இல்லை. ஒருவர் கையில் சிகரெட்டோடு கமராவைப் பார்த்துப் பேசுகிறார். அவருடைய காலடியில் தயாரிப்பாளர் குந்தியிருந்து, ‘தொடங்கு’ என்பதற்குப் பென்சிலால் காலில் தட்டுகிறார். அதைப் பார்க்கிற எங்களுக்கு நெஞ்சு அடிக்கிறது.

கதை நடந்த கதை. 1950 பெப்ரவரியில் ஜோசப் மக்கார்த்தி என்ற அமெரிக்க செனற்றர், வெளிவிவகாரத் திணைக்களத்துக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளின் பட்டியல் தன் கையில் இருப்பதாக ஒரு கூட்டத்தில் சொன்னார். அந்தப் பட்டியலை அவர் ஒருநாளும் நிரூபித்துக் காட்டவில்லை. காட்டத் தேவையும் வரவில்லை. பட்டியல் இருக்கிறது என்ற கதையே போதுமாக இருந்தது. ஆசிரியர்களுக்கு வேலை போனது, நடிகர்களுக்குப் படம் இல்லாமல் போனது, அரச ஊழியர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பட்டியல் என்றால் என்னவென்று வன்னிச் சனத்துக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆளைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டிக்கு முன்னால் வரிசையில் நின்றவர்கள் நாங்கள்.

சிபிஎஸ் தொலைக்காட்சியில் எட்வேர்ட் மரோ என்பவர் ஒரு வாராந்த நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்துகொண்டிருந்த லண்டனிலிருந்து வானொலியில் செய்தி சொல்லிப் பேரெடுத்தவர். அவரும் தயாரிப்பாளர் பிரெட் பிரெண்ட்லியும் 1954 மார்ச் 9ஆம் திகதி இரவு, மக்கார்த்தி பேசிய பேச்சுகளையே வெட்டி ஒட்டி அரை மணித்தியாலம் ஒளிபரப்பினார்கள். அந்த ஆளை அவருடைய வாயாலேயே அடையாளம் காட்டியதுதான் அவர்கள் செய்த வேலை. படத்திலும் மக்கார்த்தியாக யாரும் நடிக்கவில்லை; அந்தக் காலத்து உண்மைச் சுருள்களையே குளூனி பயன்படுத்தியிருக்கிறார். முன்னோட்டமாகப் பார்த்த சிலர், மக்கார்த்தியாக நடித்தவர் மிகைப்படுத்திவிட்டார் என்று குறை சொன்னார்களாம்!

1954 டிசம்பர் 2ஆம் திகதி செனற் சபை 67க்கு 22 என்ற வாக்குகளால் மக்கார்த்தியைக் கண்டித்தது. இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் மரோவுக்கு மாலை போட்டு முடித்துவிடுவார்கள். எனக்கு அந்தக் கதையில் பிடித்த ஆள் வேறொருவர். மரோவுக்கும் முன்னால் துணிந்தவர்.

மைலோ ரடுலோவிச் என்று பெயர். 26 வயது. மிச்சிகன் மாநிலத்தில் டெக்ஸ்டர் என்ற சின்ன ஊர். விமானப்படையின் சேமப்படையில் லெப்டினன்ட். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டும் இருந்தார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று படைத்தரப்பே சொன்னது. ஆனால், சேர்பியாவிலிருந்து வந்து குடியேறிய அவருடைய தகப்பன் வீட்டுக்கு ஒரு சேர்பிய மொழிப் பத்திரிகை எடுப்பித்து வாசிக்கிறார். சகோதரியின் அரசியல் சரியில்லை. இவர்களோடு நெருங்கிய உறவு வைத்திருப்பவர் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தானவர் என்றார்கள். விசாரணையில் ஆதாரம் ஒரு மூடிய உறைக்குள் இருந்தது. அந்த உறையை அவருக்கோ அவருடைய சட்டத்தரணிக்கோ திறந்து காட்டவில்லை.

தகப்பனையும் சகோதரியையும் தள்ளிவைத்திருந்தால் அவர் தப்பியிருக்கலாம். அவர் மறுத்தார். நாளைக்கு என் பிள்ளைகளிடமும் என்னைத் தள்ளிவைக்கச் சொல்வார்களா என்று கமராவுக்கு முன்னால் இருந்து கேட்டார். தகப்பனும் பேசினார், தன் மகனுக்கு நீதி கேட்டு ஜனாதிபதிக்கு எழுதிய கடிதத்தை வாசித்தார். டெக்ஸ்டர் ஊர்க்காரரும் முகத்தை மறைக்காமல் வந்து, இந்தப் பொடியனை எங்களுக்குத் தெரியும் என்றார்கள். 1953 ஒக்டோபர் 20ஆம் திகதி அது மரோவின் நிகழ்ச்சியில் ஒளிபரப்பானது. அதற்கு விளம்பரம் போட நிலையம் காசு தராததால் மரோவும் பிரெண்ட்லியும் தங்கள் பொக்கற்றிலிருந்து கொடுத்தார்கள். ஐந்து வாரத்தில், நவம்பர் 24ஆம் திகதி, ரடுலோவிச்சுக்குப் பதவி திரும்பக் கிடைத்தது என்ற அறிவிப்பும் அதே நிகழ்ச்சியில் வந்தது.

மரோ மக்கார்த்தியை எதிர்த்தது அதற்குப் பிறகுதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரடுலோவிச்சின் கதை மரோவின் கண்ணில் பட்டதே டெட்ராய்ட் நியூஸ் என்ற அந்தப் பக்கத்துப் பத்திரிகையில் வந்ததால்தான். அங்கே முதலில் ஒரு குடிமகன் வாயைத் திறந்தார். உள்ளூர்ப் பேப்பர் அதை அச்சிட்டது. ஊர்ச்சனம் பக்கத்தில் நின்றது. கடைசியில்தான் நாடறிந்த மனிதர் வந்தார். படத்தின் பெரும்பகுதி அந்த நாலாவது ஆளைச் சுற்றி நடக்கிறது. எங்கள் நாட்டின் கதையைப் பார்த்தால், பயமுறுத்துகிறவர்கள் மற்ற மூவரையும்தான் முதலில் தேடிப்போவார்கள்.

குளக்கட்டோடு பிறந்து வளர்ந்த உங்களுக்குத் தெரியும்: கட்டு உடைவது உயர்ந்த இடத்தில் இல்லை, மெலிந்த இடத்தில். செய்திக்கும் அப்படித்தான். சொல்கிறவர், எழுதுகிறவர், அச்சடிக்கிறவர், சுமந்து வருகிறவர், வாசிக்கிறவர் என்று நீளும் வரிசையில் எது மெலிந்தது என்று பார்த்தே அடி விழும்.

சொல்கிறவரிலிருந்து தொடங்குகிறேன். 2008 செப்டெம்பரில் ஐ.நா. அமைப்புகளும் பெரும்பாலான தொண்டு நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேறப் பணிக்கப்பட்டன. சுயாதீன ஊடகவியலாளர்கள் உள்ளே வர அனுமதி இல்லை. அதன் பிறகு இங்கே என்ன நடக்கிறது என்று உலகத்துக்குச் சொல்ல மிஞ்சியவர்களில் முக்கியமானவர்கள் அரச மருத்துவர்கள். சத்தியமூர்த்தி, வரதராஜா, சண்முகராஜா போன்றோர் காயப்பட்டவர்களுக்கு மருந்து கட்டிய கையோடு தொலைபேசியில் வெளிநாட்டு ஊடகங்களுக்கு நிலைமையைச் சொன்னார்கள். போர் முடிந்ததும் அவர்கள் தடுத்து வைக்கப்பட்டார்கள். 2009 ஜூலையில் கொழும்பில் ஊடகங்களுக்கு முன் கொண்டுவரப்பட்டு, தாங்கள் முன்னர் சொன்ன எண்ணிக்கைகளைத் தாங்களே மறுத்துப் பேசினார்கள். காவலில் இருக்கும் ஒருவர் மேசைக்குப் பின்னால் இருந்து பேசுவதை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இங்கே ஒருவரும் ஒருவரிடமும் கேட்கவில்லை.

எழுதுகிறவர்களில் பலரின் பெயர் இன்று புதிய தலைமுறைக்குத் தெரியாது. ஊடகவியலாளர் புண்ணியமூர்த்தி சத்தியமூர்த்தி 2009 பெப்ரவரி 12ஆம் திகதி எறிகணை வீச்சில் கொல்லப்பட்டார். இடம்பெயர்ந்து, இடம்பெயர்ந்து, இடையில் நின்று செய்தி அனுப்பியவர். கடைசிவரை உள்ளே நின்ற செய்தியாளர் லோகீசன் தப்பிப் பிழைத்து நாடுகடந்தார். நோர்வே இயக்குநர் பெயாத்த ஆர்னெஸ்தாத் 2012இல் எடுத்த ‘சைலன்ஸ்ட் வாய்சஸ்’ என்ற ஆவணப்படத்தில், இலங்கையிலிருந்து வெளியேறிய சிங்கள, தமிழ் ஊடகவியலாளர்களோடு அவரையும் காணலாம். நிலையத்தின் அறைக்குள் நடக்கும் குளூனியின் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய படம் அது.

அச்சடிக்கிறவருக்கு வருவோம். 2008 மார்ச் மாதத்தில் கொழும்பில் அச்சக உரிமையாளர் ஜசிகரனும் அவருடைய துணைவி வளர்மதியும் கைது செய்யப்பட்டார்கள். அவர்களுக்கு என்ன நடந்தது என்று விசாரிக்கப் போன பத்திரிகையாளர் ஜெ. ச. திசைநாயகம் மறுநாள் அங்கேயே தடுத்து வைக்கப்பட்டார். தான் நடத்திய ஆங்கில மாத இதழில் 2006இல் எழுதிய சில வரிகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வழக்கு. 2009 ஓகஸ்ட் 31ஆம் திகதி 20 ஆண்டு கடூழியச் சிறைத்தண்டனை. இதழை நடத்தப் பணம் சேர்த்ததும் அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றங்களில் ஒன்று. சந்தா கேட்டு உங்களுக்குக் கடிதம் எழுதும்போதெல்லாம் எனக்கு அந்த வழக்கு நினைவுக்கு வரும். உலகம் முழுவதும் எழுந்த கண்டனத்துக்குப் பிறகு, 2010இல் அவருக்குப் பொதுமன்னிப்பு என்று அறிவித்தார்கள். அறிவித்த நாள் மே 3.

சுமந்து வருகிறவர். 2006 மே 2ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்தில் உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள் ஆயுததாரிகள் புகுந்து சுட்டதில் இறந்த இருவரும் செய்தி எழுதுகிறவர்கள் இல்லை. ஒருவர் விளம்பரப் பக்கத்தைப் பார்த்தவர், மற்றவர் விநியோகப் பகுதியில் வேலை செய்தவர். யுனெஸ்கோவின் ஊடக சுதந்திர தின மாநாடு அந்த ஆண்டு கொழும்பில்தான் நடந்துகொண்டிருந்தது. அதே பத்திரிகையின் கிளிநொச்சி அலுவலகத்துக்கு 2013 ஏப்ரல் 3ஆம் திகதி விடியப்புறம் முகத்தை மூடிய கும்பல் வந்தது. அந்த நேரத்தில் அங்கே ஆசிரியர் பீடம் இருக்காது. வாகனத்திலும் சைக்கிளிலும் பேப்பர் கட்டுகளை ஏற்றுகிறவர்கள்தான் இருப்பார்கள். அடி அவர்களுக்குத்தான் விழுந்தது. பத்து நாளில் யாழ்ப்பாணத்தில் அச்சு இயந்திரத்துக்கும் தீ வைத்தார்கள்.

வன்னி வரும் ஒரு ஆங்கிலப் படமும் இருக்கிறது. மத்தியூ ஹைன்மன் 2018இல் எடுத்த ‘எ பிரைவேட் வோர்’. லண்டன் சண்டே ரைம்ஸ் நிருபர் மேரி கொல்வினின் கதை. ஊடகவியலாளருக்கு மூடிக் கிடந்த வன்னிக்குள் 2001இல் இரகசியமாக வந்து, பொருளாதாரத் தடையில் மருந்தும் உணவும் இல்லாமல் சனம் படும் பாட்டை எழுதினார். திரும்பிப் போகும் வழியில், ஏப்ரல் 16ஆம் திகதி இரவு, இராணுவப் பகுதிக்குள் கடக்கும்போது வந்து விழுந்த குண்டில் இடக்கண்ணின் பார்வை போனது. ஆஸ்பத்திரியில் கிடந்தபடியே 3000 சொல்லில் கட்டுரை எழுதிக் கொடுத்தார். 2012 பெப்ரவரி 22ஆம் திகதி சிரியாவின் ஹொம்ஸ் நகரத்தில் கொல்லப்படும்வரை அந்தக் கண்ணின்மேல் கட்டிய கறுப்புத் துண்டுதான் அவருடைய அடையாளம். ரோசமண்ட் பைக் நன்றாக நடித்திருக்கிறார். ஆனால் இரவில் காட்டுவழியாக அவரைக் கூட்டிக்கொண்டு நடந்த எங்கள் ஆட்களுக்குப் படத்தில் பெயர் இல்லை. அவர்களுக்கு எத்தனை பிள்ளைகள், பிறகு என்ன ஆனார்கள் என்று கேட்கப் படத்துக்கு நேரம் இல்லை. ஊர்ச் சஞ்சிகை ஒன்றுக்கு அந்த நேரம் இருக்க வேண்டும்.

அதே ஏப்ரல் 16ஆம் திகதி, ஆறு ஆண்டு கழித்து, 2007இல், வவுனியாவில் ஒரு சஞ்சிகை ஆசிரியர் சுட்டுக் கொல்லப்பட்டார். சந்திரபோஸ் சுதாகர். எஸ்போஸ் என்ற பெயரில் கவிதை எழுதியவர். ‘நிலம்’ என்ற சிற்றிதழை நடத்தியவர். கொன்றவர் யார் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. அவரைப் பற்றி உலகம் ஒரு படமும் எடுக்கவில்லை. கொல்வினுக்குக் கண் போன நாளை நினைக்கும்போது இவரையும் சேர்த்து நினைப்பது வன்னி வாசகருடைய கடமை என்று எனக்குப் படுகிறது.

அவருக்கு முன்னால் இன்னொரு ஆசிரியரும் இருந்தார். வவுனியா மாவட்டம் சேமமடுவில் பிறந்த செல்வி. தியாகராஜா செல்வநிதி என்பது முழுப்பெயர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்த கவிஞர், நாடகக்காரி. ‘தோழி’ என்ற பெண்ணிய இதழை நடத்தியவர். 1991 ஓகஸ்டில் விடுதலைப் புலிகள் அவரைப் பிடித்துச் சென்றார்கள். அடுத்த ஆண்டு அனைத்துலக பென் அமைப்பின் அமெரிக்கக் கிளை அவருக்கு விருது அறிவித்தபோது வாங்கிக்கொள்ள அவர் வரவில்லை. வீட்டுக்கும் திரும்பி வரவில்லை. இதைச் சொல்லாமல் மற்றதை மட்டும் சொன்னால் இந்தப் பக்கத்துக்கு மரியாதை இல்லை. இயக்கத்தின் காலத்தில் வன்னியில் இயக்கத்துக்கு மாறான கருத்து அச்சேறியதில்லை. அரசாங்கம், துணைக்குழுக்கள், இயக்கம் என்று எல்லாப் பக்கமும் இருந்து வந்த பயத்தைச் சாப்பிட்டு வளர்ந்த எழுத்து எங்களுடையது. யாருக்குப் பயந்து எதை விட்டோம் என்று எங்களில் பலருக்கு இன்னும் நினைவிருக்கிறது.

போர் முடிந்த பிறகு வடிவம் மாறியிருக்கிறது. 2020 ஒக்டோபரில் முல்லைத்தீவின் முறிப்புப் பகுதியில் மரக்கடத்தலைப் படம் பிடிக்கப் போன செய்தியாளர்கள் சண்முகம் தவசீலனையும் கணபதிப்பிள்ளை குமணனையும் ஒரு கும்பல் அடித்து, எடுத்த படங்களை அழித்தது. அங்கே அரசியலைவிட மரத்தின் விலை பெரிதாக இருந்திருக்கலாம். ஊர்ச் செய்தியாளருக்கு இரண்டும் ஒன்றுதான், பொல்லு ஒரே பொல்லு. 2021 நவம்பர் 27ஆம் திகதி முள்ளிவாய்க்கால் பெயர்ப்பலகையைப் படமெடுத்த ஊடகவியலாளர் விஸ்வலிங்கம் விஸ்வச்சந்திரனை, முட்கம்பி சுற்றிய பச்சைப் பனைமட்டையால் படையினர் அடித்தார்கள். பெயர்ப்பலகையைப் படமெடுத்ததற்கு! செம்மணிப் புதைகுழியைப் பற்றித் தொடர்ந்து செய்தியும் படமும் தந்துகொண்டிருந்த குமணனை, 2025 ஓகஸ்டில் பயங்கரவாதத் தடுப்புப் பிரிவு அலம்பிலுக்கு அழைத்து ஏழு மணித்தியாலமளவில் விசாரித்தது. ஏழு மணித்தியாலக் கேள்வி ஒருவரை மட்டும் களைப்பாக்க நடப்பதில்லை. அந்தக் கதை ஊருக்குள் பரவும்போது, நாளைக்கு அவரிடம் ஒன்றைச் சொல்ல இருந்தவர் சொல்லாமல் விடுவார். 

குளூனியின் படத்திலும் இந்தச் சின்னப் பயங்கள் நன்றாக வந்திருக்கின்றன. நிறுவனத்துக்கு விசுவாசப் பத்திரம் எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். கையெழுத்து வைத்தால் என்ன, வைக்காவிட்டால் என்ன என்று ஒரு புருசனும் பெண்சாதியும் கதைக்கிறார்கள். ஒளிபரப்புக்கு முன்னர் மரோவின் ஆட்கள் ஒரு அறையில் கூடி, எங்களில் யாருக்காவது பழைய தொடர்பு ஏதும் உண்டா, எதை வைத்து எங்களை மடக்குவார்கள் என்று ஆளை ஆள் பார்க்கிறார்கள். வேலை செய்கிற இடத்திலேயே சந்தேகம் நுழைந்துவிட்டது. மரோவைப் பாராட்டிப் பேசிய செய்தி வாசிப்பாளர் டொன் ஹொலன்பெக்கை ஒரு பத்திரிகைப் பத்தி எழுத்தாளர் தொடர்ந்து தாக்கினார். 1954 ஜூனில் ஹொலன்பெக் தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டார். மரோவின் நிகழ்ச்சியும் 1958இல் நின்றது. வென்ற பக்கத்தாரும் விலை கொடுத்ததை மறைக்காததால்தான் இந்தப் படத்தை நான் நம்புகிறேன்.

படம் சொல்லாத ஒன்றை ஒரு சிறு சஞ்சிகைக்காரன் சொல்லியாக வேண்டும். மரோ பேசுவதற்கு ஓராண்டுக்கு முன்பே, 1953 ஜனவரியில், வேலை கிடைக்காமல் போன ஐ. எஃப். ஸ்டோன் என்ற பத்திரிகையாளர் நாலு பக்கத்தில் ஒரு வார இதழ் தொடங்கி மக்கார்த்தியை எதிர்த்து எழுதினார். விளம்பரதாரர் பின்னால் இல்லை. முற்பணம் கட்டிய ஐயாயிரத்துச் சொச்சம் வாசகர்கள் இருந்தார்கள். சந்தேகப் பட்டியல்கள் ஓடிய அந்தக் காலத்தில் இப்படியான இதழுக்குப் பெயரும் முகவரியும் கொடுத்துச் சந்தா கட்டுவதற்கும் நெஞ்சுரம் வேண்டும். தகப்பன் சேர்பியப் பேப்பர் எடுத்ததற்காக ரடுலோவிச்சுக்கு நடந்தது எல்லோருக்கும் தெரியும்தானே.

வாசிக்கிறவரின் துணிச்சலைப் பற்றி யாரும் படம் எடுப்பதில்லை. எங்களுக்கு அது தெரிந்த விசயம். பொருளாதாரத் தடையில் பற்றரி வராத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒரு ஆள் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ வேலை செய்ய, முற்றம் நிறையச் சனம் இருந்து பிபிசி தமிழோசை கேட்டது. சுற்றுகிற பொடியனுக்குக் கை உளைந்தால் அடுத்தவன் வாங்கிச் சுற்றுவான். செய்தி முடியும்வரை சத்தம் இறங்கக் கூடாது. அந்த ரேடியோவில் வவுனியாவிலிருந்து ஒலித்த குரல்களில் ஒன்று பொன்னையா மாணிக்கவாசகத்தினுடையது. வீரகேசரிக்கும் எழுதியவர். 2023இல் காலமானார். அவருடைய குரலை வீட்டுக்குள் கொண்டுவந்தது சைக்கிள் சுற்றிய கைகளும்தான்.

இன்றைக்குச் சொல்கிறவர்களில் முன்னுக்கு நிற்பவர்கள் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கிய போராட்டம், நாலு நாளில் வவுனியாவுக்கும், மார்ச்சில் முல்லைத்தீவுக்கும் வந்தது. ஒவ்வொரு நிருபர் வரும்போதும் பிள்ளையின் பெயர், கையளித்த இடம், நாள் மூன்றையும் அவர்கள் முதலிலிருந்து சொல்கிறார்கள். வந்தவர் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். தூரத்தில் நின்று வேறு ஆட்களும் படம் எடுப்பார்கள். பிறகு வீட்டுப் படலையில் வந்து ‘ஏனம்மா போறீங்கள்’ என்று கேட்கும்போது அந்தத் தாய்க்குப் பக்கத்தில் எந்த நிருபரும் இருப்பதில்லை.

ஆகவே இந்தச் சஞ்சிகை தன் பக்கத்திலிருந்து மூன்று காரியங்களைக் கடைப்பிடிக்கும். எங்களிடம் ஒன்றைச் சொன்னவரின் பெயரைப் போடுவதற்கு முன், சொன்ன அன்றும் அச்சுக்குப் போகும் அன்றும் இரண்டு முறை அவரிடம் கேட்போம். இரண்டாவது முறை வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான். கட்டுரை மெலிந்து போனாலும் பரவாயில்லை. செய்தி வந்த பிறகு ஒரு மாதத்துக்குள் அவரிடம் திரும்பிப் போவோம்; என்ன நடந்தது, யார் வந்து கேட்டார்கள் என்று விசாரித்து, அதையும் எழுத வேண்டுமானால் எழுதுவோம். ரடுலோவிச்சின் கதைக்கு மரோவின் ஆட்கள் திரும்பிப் போயிராவிட்டால் அது ஒரு நாள் பரபரப்போடு முடிந்திருக்கும். மூன்றாவது, எந்தப் பக்கத்துக்குப் பயந்தும் ஒரு பெயரை விழுங்க மாட்டோம். செல்வியையும் எஸ்போஸையும் ஒரே பக்கத்தில் எழுத முடியாத சஞ்சிகை வன்னிக்குத் தேவையில்லை.

உங்களிடமும் கேட்க இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இலிருந்து இருக்கிறது. உங்கள் குளத்துத் திருத்தத்துக்கு எவ்வளவு காசு வந்தது, உங்கள் காணி ஏன் இன்னும் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்குள் கிடக்கிறது என்று நீங்களே எழுதிக் கேட்கலாம். 14 வேலைநாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். பிரதேச செயலகத்தில் ஒரு கடிதம் கொடுப்பதற்கு நிருபராக இருக்கத் தேவையில்லை. நூறு பேர் கேட்கிற ஊரில் கேட்ட ஒருவரைத் தனியாகப் பிடித்து மிரட்டுவது கடினம். முகநூலில் எழுதுகிற பிள்ளைகளுக்கு 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். பயப்படுத்துவதற்குச் சொல்லவில்லை. எது சட்டம், எது வெறும் வெருட்டு என்று பிரித்துத் தெரிந்தவரை வெருட்டுவது லேசில்லை.

உங்கள் ஊரில் யாராவது ஒருவர் பேப்பரில் பெயரோடு பேசியிருந்தால், அடுத்த கிழமை அந்த வீட்டுக்கு ஒருமுறை போங்கள். ஆலோசனை ஒன்றும் சொல்ல வேண்டாம். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, படலையடியில் நாலு சனம் காண நின்று கதைத்துவிட்டு வாருங்கள். டெக்ஸ்டர் ஊர்க்காரர் கமராவுக்கு முன்னால் செய்ததும் இதைத்தான்.

இந்தச் சஞ்சிகையை உங்கள் வீட்டுக்குக் கொண்டு வருகிற தம்பியின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இந்த முறை கேட்டுவிடுங்கள். அடுத்த இதழில் எங்கள் விநியோகத் தம்பிமாரையும் அச்சகத்து அண்ணரையும் படத்தோடு அறிமுகப்படுத்த எண்ணியிருக்கிறோம். அவர்களிடம் இரண்டு முறை கேட்ட பிறகுதான். போர்க்காலத்தில் உங்கள் ஊருக்குப் பேப்பர் எப்படி வந்தது, யார் கொண்டு வந்தார், ரேடியோவுக்கு யார் சைக்கிள் சுற்றினார் என்று எழுதி அனுப்புங்கள். சொந்தப் பெயரிலோ புனைபெயரிலோ, உங்கள் விருப்பம். வருகிற கடிதங்களுக்கென்று நாலு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்